முன்னாள்னு சின்ன எழுத்துல

எங்க ஆபீஸ் டேபிள் கண்ணாடிக்கு அடியில ஒரு விசிட்டிங் கார்டு கெடக்குது. ஓரமெல்லாம் கோல்டு பார்டர், மேல கட்சித் தலைவருங்க படம், நடுவுல பேரு, பேருக்குக் கீழ "சட்டமன்ற உறுப்பினர்"னு நல்லா தடியா, அதுக்கு முன்னாடி எறும்பு சைஸ்ல "முன்னாள்". அதுக்கும் கீழ இன்னொரு லைன், கன்சல்டன்ட். எதுக்கு கன்சல்டன்ட்னு போடல, ஆனா சென்னை பாரிஸ் கார்னர்ல கான்ட்ராக்ட் தொழில் பண்றவன் யாருகிட்ட அந்தக் கார்டை நீட்டுனாலும் புரிஞ்சிடும். கோட்டையில எந்த செக்‌ஷன்ல எந்த ஃபைல் தூங்குது, அதை எழுப்ப யாரைப் பாக்கணும், எப்ப பாக்கணும், அதான் அவரு தொழில். நம்ம ஊர்ல இதுக்கு லயசன் பாக்கறதுன்னு பேரு. அமெரிக்காவுல லாபின்னு சொல்றாங்க.

நான் திருவொற்றியூர்ல இருந்து தெனம் பாரிஸ் வந்து போறவன், ஒரு சின்ன கம்பெனில டெண்டர் பேப்பர் ரெடி பண்ற வேலை. மச்சான் ஃப்ளோரிடால இருக்கான், ஞாயித்துக்கெழம ஆனா வீடியோ கால்ல வந்துடுவான், நம்மூரு அரசியல் அவனுக்கு என்னைவிட நல்லா தெரியும், எவன் எந்தக் கட்சிக்குத் தாவுனான்னு முதல்ல அவன்தான் சொல்லுவான். ஒரு நாள் பேச்சுவாக்குல இந்தக் கார்டு கதைய சொன்னேன். "மாமா, இங்க எம்எல்ஏ மாதிரி இருக்கறவங்க பதவிய விட்டு எறங்குனா 6 வருஷத்துக்கு துட்டு வாங்கினு போய் லாபி பண்ணக் கூடாது, தெரியுமா"ன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. நம்மூர்ல அந்த 6 வருஷம்தான்யா ஒருத்தரோட பீக் பீரியடு, கூட இருந்தவங்க எல்லாம் இன்னும் சீட்ல இருப்பாங்க, பி.ஏ.ங்க நம்பர் எல்லாம் போன்ல இருக்கும், அதுக்கப்பறம் மாஜிக்கே மவுசு கொறைஞ்சிடும்.

ஆனா அவன் சொன்னது நெசம்தான், தேடிப் படிச்சேன். 2018 நவம்பர் எலெக்‌ஷன்ல ஃப்ளோரிடா மக்கள்கிட்ட வாக்குச் சீட்டுலயே இந்தக் கேள்வியக் கேட்டாங்க, 12வது திருத்தம்னு. அங்க அரசியல் சட்டத்தை மாத்தணும்னா 60 சதவீதம் ஓட்டு வேணும், இதுக்கு கிட்டத்தட்ட 79 சதவீதம் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி அங்க 2 வருஷம்தான் தடை, இப்ப 6. 2022 டிசம்பர் 31ல இருந்து அமலுக்கு வந்துச்சு. இதுல எனக்குப் புடிச்ச விஷயம் அந்த ஆறு கூட இல்ல, எதை தடுக்கறாங்கன்னு எழுதியிருக்கற விதம். காசு வாங்கிட்டு, கொள்கை முடிவு, நிதி ஒதுக்கீடு, கொள்முதல், இந்த மூணு விஷயத்துக்காக சட்டசபைகிட்டயோ மாநில அரசாங்கத்தோட எந்தத் துறைகிட்டயோ போய் நிக்கக் கூடாது. சும்மா ஒரு பழைய ஃப்ரெண்டைப் பாத்து டீ குடிக்கறதை யாரும் தடுக்கல, தெருவுக்கு லைட் வேணும்னு கேக்கறதையும் தடுக்கல. காசு வாங்குனியா, கான்ட்ராக்ட் கேட்டியா, அவ்ளோதான் கேள்வி.

மத்த மாநிலங்கள்ல இது ஒரே மாதிரி இல்ல. சில இடத்துல 1 வருஷம், சில இடத்துல 2, சில இடத்துல ஒண்ணுமே இல்ல, இன்னிக்கி ராஜினாமா பண்ணிட்டு நாளைக்கே எதிர் பக்கம் நாற்காலி போட்டு உக்காரலாம். அவங்க டெல்லிக்கு, அதாவது வாஷிங்டனுக்கு, செனட்டர்னா 2 வருஷம், கீழ் சபைன்னா 1 வருஷம். கனடால எம்பிங்களுக்கே 5 வருஷம்.

எதுக்கு இந்தத் தடைன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில், மாஜிக்கு உள்ள ஆளு தெரியும், அதனால மத்தவனுக்குக் கெடைக்காத கதவு அவருக்குத் தொறக்கும். சரிதான். ஆனா எனக்கு அதைவிடப் பெருசாத் தோணறது வேற. பதவி போன அப்பறம் அவர் என்ன பண்றார்ங்கறது ரெண்டாவது, பதவில இருக்கும்போதே என்ன பண்ணுவார்ங்கறதுதான் முதல்ல. நாளைக்கி நமக்கு மாசச் சம்பளம் குடுக்கப் போற கம்பெனி இதுதான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா, இன்னிக்கி சட்டசபைல அந்தக் கம்பெனியப் பத்தி கேள்வி எழுப்புவாரா? பொதுக் கணக்குக் குழுவுல உக்காந்து அந்த டிபார்ட்மென்ட் ஃபைலைக் கிண்டுவாரா? லஞ்சமே வாங்க வேண்டாம், கவரே கை மாற வேண்டாம், வாயை மூடிட்டு இருந்தா போதும், கூலி 3 வருஷம் கழிச்சு ப்ரொஃபஷனல் சார்ஜஸ்னு பில்லோட வரும், ஜிஎஸ்டி கூடக் கட்டியிருப்பாங்க. அந்தப் பேரம் நடந்ததுக்கு சாட்சியே கெடையாது. 6 வருஷம்னு இழுத்து வுட்டா, அவ்ளோ நாள் காத்திருந்து கூலி குடுக்க எந்தக் கம்பெனிக்கும் பொறுமை இருக்காது, அதான் கணக்கு.

நம்மகிட்ட இந்தத் தடை ஐடியாவே புதுசு இல்ல, மத்தவங்களுக்கெல்லாம் இருக்கு. ஹைகோர்ட் ஜட்ஜா நிரந்தரமா இருந்தவர் அதே ஹைகோர்ட்ல திரும்ப வக்கீலா வாதாட முடியாது, அரசியல் சட்டம் 220வது பிரிவு. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுன்னா இந்தியாவுல எந்தக் கோர்ட்லயும் முடியாது, 124வது பிரிவு. கணக்குத் தணிக்கை பண்ற சிஏஜி ரிட்டயர் ஆனா அதுக்கப்பறம் மத்திய அரசுலயும் சரி மாநில அரசுலயும் சரி எந்தப் பதவியும் கெடையாது. ஐஏஎஸ் ஆபீசர் ரிட்டயர் ஆகி 1 வருஷத்துக்குள்ள தனியார் கம்பெனில சேரணும்னா அரசாங்கத்துகிட்ட பர்மிஷன் வாங்கணும், முன்னாடி அது 2 வருஷமா இருந்துச்சு. அந்த பர்மிஷனை எவ்ளோ ஈசியா குடுக்கறாங்கங்கறது தனிக் கதை, ஆனா கேக்கணும்னு ரூலாவது இருக்கு. சட்டம் போட்டவங்களுக்கு? ஒண்ணும் இல்ல. மாஜி எம்எல்ஏவுக்கு மாசம் பென்ஷன், அது 2025ல 30,000ல இருந்து 35,000 ஆச்சு, பஸ்ல ஃப்ரீ, மருத்துவப்படி தனி, கூடவே எந்தக் கம்பெனிக்கும் எந்தக் கதவையும் தட்டித் தர முழு சுதந்திரம்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, மச்சானுக்குப் புரிய வெக்கறதுக்கே எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அங்க லாபி பண்றவன் பேரு ரெஜிஸ்டர் பண்ணணும், யாருக்காக, எவ்ளோ துட்டுன்னு எழுதிக் குடுக்கணும். அந்த லிஸ்ட் இருக்கறதாலதான் நீ முன்னாள், உன் பேரு இந்த லிஸ்ட்ல வரக் கூடாதுன்னு சொல்ல முடியுது. நம்மகிட்ட லிஸ்ட்டே இல்ல. லாபி பண்றது சட்டப்படி சரியா தப்பான்னு கூட எங்கயும் எழுதல. 2012 டிசம்பர்ல வால்மார்ட் விவகாரம் ஞாபகம் இருக்கா, சில்லறை வியாபாரத்துல அன்னிய முதலீடு பத்தி பார்லிமென்ட்டே ரணகளமா இருந்தப்ப, அந்தக் கம்பெனி இந்திய மார்க்கெட் உள்பட பல விஷயத்துக்கு லாபி பண்ண 2008ல இருந்து சுமார் 25 மில்லியன் டாலர் செலவு பண்ணியிருக்குன்னு வெளிய வந்துச்சு. எங்க இருந்து வந்துச்சு? அமெரிக்க செனட்ல அவங்களே தாக்கல் பண்ண கணக்குல இருந்து. உடனே ஓய்வு பெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமைல ஒரு நபர் கமிட்டி எல்லாம் போட்டாங்க. நம்ம வீட்டு விஷயத்தை அடுத்த வீட்டுக் கணக்கு நோட்டைப் பாத்துத் தெரிஞ்சிக்க வேண்டிய நெலமை. 2013ல ஒடிசா எம்பி காளிகேஷ் நாராயண் சிங் தேவ் லாபி பண்றதை வெளிப்படையா சொல்லணும்னு தனி நபர் மசோதா கொண்டாந்தார். தனி நபர் மசோதாக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், அது சட்டமாகல.

ஊழல் தடுப்புச் சட்டத்துல 7ஏ பிரிவு இருக்கே, சொந்த செல்வாக்கைப் பயன்படுத்தி அரசு ஊழியரை வளைக்கறதுக்காக காசு வாங்குனா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாமேன்னு கேக்கலாம். இருக்குதான். ஆனா அந்த அரசு ஊழியர் வேலைய முறைகேடா செய்யணும்ங்கறதுக்காகத்தான் காசு வாங்குனார்னு நிரூபிக்கணும். மாஜி என்ன சொல்லுவார், "நான் ஃபைலை நியாயமா சீக்கிரம் பாக்கச் சொன்னேன், அவ்ளோதான்"பார். முடிஞ்சுது.

டெண்டர் பேப்பர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்றேன். துறைமுகம், எண்ணெய்க் கம்பெனி மாதிரி மத்திய அரசு நிறுவனங்கள் பெரிய டெண்டர் விட்டா அதுல இன்டெக்ரிட்டி பாக்ட்னு, அதாவது லஞ்சம் குடுக்கவும் மாட்டோம் வாங்கவும் மாட்டோம்னு ஒரு ஒப்பந்தம் வரும், மத்திய கண்காணிப்பு ஆணையம் சொல்லி சேத்தது. டெண்டர் போடறவன், நிறுவனம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், சாட்சியும் போடணும். அதுல ஒரு ஷரத்து, இந்த கான்ட்ராக்ட் சம்பந்தமா ஏஜென்ட், புரோக்கர், இடைத்தரகர் யாருக்காவது காசு குடுத்திருந்தா, குடுக்கறதா ஒத்துக்கிட்டிருந்தா, குடுக்கற எண்ணம் இருந்தா, சொல்லிடணும். படிக்கவே நல்லா இருக்கும். அந்த எடத்துல நான் பாத்த வரைக்கும் எல்லாரும் போடறது "நில்", அதாவது யாருக்கும் ஒண்ணும் குடுக்கலன்னு. என் கம்பெனி, உன் கம்பெனின்னு இல்ல, தொழில்ல பழகிப் போன வார்த்தை அது. கன்சல்டன்ட் ஏஜென்ட் இல்லையாம், அவர் பொதுவா ஆலோசனை சொல்றவராம். இந்தத் தந்திரம் நம்ம கண்டுபுடிச்சதுன்னு நெனச்சிட்டிருந்தேன், அமெரிக்காவுல டாம் டேஷ்ல்னு செனட்ல பெரிய தலைவர், 2004ல தோத்தார், அதுக்கப்பறம் வருஷக்கணக்கா பெரிய வக்கீல் கம்பெனிங்கள்ல ஆலோசகர்னு உக்காந்திருந்தார், லாபியிஸ்ட்னு ரெஜிஸ்டர் பண்ணவே இல்ல, 2016லதான் பண்ணார். அந்த ஓட்டைக்கு அவர் பேரையே வெச்சிட்டாங்க. எல்லா ஊர்லயும் ஒரே கார்டுதான் போல, பார்டர் கலர் மட்டும் வேற.

சரி இப்ப வடசென்னைக்கு வரேன், ஏன்னா இது எனக்கு வெறும் டெண்டர் விஷயம் இல்ல. மணலி, எண்ணூர் பக்கம் பெரிய ஃபேக்டரி விரிவாக்கம்னா பெரும்பாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும், 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைல அப்டித்தான் இருக்கு, 30 நாள் முன்னாடி பேப்பர்ல போட்டு, கலெக்டரோ அவருக்கு பதிலா ஒருத்தரோ தலைமை தாங்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். அப்டி ஒரு கூட்டத்துக்குப் போனேன், எந்தக் கம்பெனின்னு எழுதப் போறதில்ல. கல்யாண மண்டபம், ஏசி ஓடல, ஓரத்துல பெடஸ்டல் ஃபேன். பின்னாடி வரிசைல காட்டுக்குப்பம் பக்கத்து மீனவப் பொம்பளைங்க, கைல ஆத்துத் தண்ணி புடிச்ச பாட்டில், அடில சாம்பல் தங்கியிருக்கு, அதைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டறாங்க. முன்னாடி ரெண்டு வரிசை முழுக்க வேன்ல வந்து எறங்குன ஆளுங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி தண்ணி பாட்டில், பிரியாணி வாசனை மண்டபத்துக்கு வெளிய இருந்தே வருது. முதல்ல மைக் புடிச்சது யாரு? ஒரு மாஜி. வெள்ளை வேட்டி, பாக்கெட்ல ரெண்டு போன். "என் தொகுதி மக்களோட வேலைவாய்ப்புக்காக இந்தத் திட்டத்தை வரவேற்கிறேன்"னார். தொகுதி எப்பயோ அவர் கைய விட்டுப் போச்சு, ஆனா என் தொகுதிதான்.

பக்கத்துல இருந்த ஒரு அக்கா கேட்டாங்க, "இன்னாபா, இவுரு நம்ம சார்பா பேசறாரா, கம்பெனி சார்பா பேசறாரா?" எனக்கு பதில் தெரியல. மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்சிக்க வழியும் இல்ல. ஒருவேளை அவர் மனசார நம்பியே சொல்லியிருக்கலாம், அப்டியும் இருக்கும்தானே. 2023 டிசம்பர் முழுக்க இங்க இருந்தவனுக்கு இது சின்ன சந்தேகம் இல்ல. மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்துல அலையாத்திக் காடு, படகு, வலை எல்லாம் கறுப்பாச்சு, அந்த மாசக் கடைசில 26ஆம் தேதி ராத்திரி கடலுக்கு அடில போற பைப்ல இருந்து அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம் ஜனங்க மூச்சு முட்டி நடு ராத்திரில ஓடுனாங்க. அப்டிப்பட்ட ஊர்ல ஒரு ஃபேக்டரிக்கு ஆதரவா மைக் புடிக்கறவர் யாரோட சம்பளத்துல இருக்கார்னு கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல.

ஆனா மாஜிங்களை மொத்தமா கோட்டைப் பக்கமே வராதீங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. எங்க தெருவுல டயாலிசிஸ் பண்ணிக்கற பெரியவர் ஒருத்தர், இன்சூரன்ஸ் கார்டுல பேரு தப்பா ஏறி ஆஸ்பத்திரில சேத்துக்க மாட்டேன்னாங்க. இப்ப இருக்கற எம்எல்ஏ ஆபீஸ்ல நாலு தடவை நாளைக்கி வாங்கன்னாங்க. தோத்துப் போன ஒரு மாஜி, வேற கட்சி, ஆட்டோவுல கூடவே போய் ஒக்காந்து பேரை மாத்தி வாங்கிக் குடுத்தார், ஒரு பைசா வாங்கல. பட்டா, ஸ்கூல் சீட்டு, இடிஞ்சு விழற குடிசை மாத்து வாரிய வீட்டுக்கு மாத்து வீடு, இதெல்லாம் நம்ம ஏரியால இன்னமும் சிபாரிசுலதான் நடக்குது, நடக்கக் கூடாதுதான், ஆனா நடக்குது. அந்த லெட்டர்பேடை புடுங்கிட்டா அடி வாங்கறது கம்பெனி இல்ல, அந்தப் பெரியவர்தான்.

அதனாலதான் காசுங்கற அந்தக் கோடு முக்கியம். அமெரிக்காவுலயே இது கோர்ட்டுக்குப் போயிருக்கு. ஒஹையோல முன்னாள் உறுப்பினர்கள் காசு வாங்காம பேசறதையும் சேத்து 1 வருஷம் தடுத்து வெச்சிருந்தாங்க, 2010ல ஃபெடரல் கோர்ட் காசில்லாம பேசறதைத் தடுக்க முடியாதுன்னுடுச்சு. மிசௌரி கதை இன்னும் மோசம், அங்கயும் 2018ல மக்களே ஓட்டுப் போட்டு 2 வருஷத் தடை கொண்டாந்தாங்க, ஒரு மாஜி கேஸ் போட்டார், 2024ல அப்பீல் கோர்ட், ஊழல் நடக்குதுன்னு அரசாங்கம் சரியான ஆதாரம் காட்டல, இது பேச்சுரிமைய பாதிக்குதுன்னு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பல. காசு வாங்கினு கான்ட்ராக்டுக்காகப் பேசறது தொழில், அதைப் பேச்சுன்னு எப்டி எடுத்துக்கறது? ஆனா நம்மூர்ல தடை வந்தாலும் மாஜிங்க இதே வாதத்தோடதான் கோர்ட்டுக்குப் போவாங்க, 19வது பிரிவுல பேச்சுரிமையும் இருக்கு தொழில் செய்யற உரிமையும் இருக்கு. நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் அதே பிரிவுலதான் இருக்கு.

என் கணக்கு என்னன்னா, முதல்ல 6 வருஷமா 2 வருஷமான்னு அடிச்சிக்க வேண்டாம். கொள்முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டுல டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லயே வந்தாச்சு, அதோட விதில ஒரு ஷரத்து சேக்கலாம், மத்திய அரசு டெண்டர்ல இருக்கற அதே மாதிரி, ஆனா ஏஜென்ட்னு மட்டும் கேட்டு விடாம, கடந்த ஒரு டெர்ம்ல எம்எல்ஏவாவோ அமைச்சராவோ கவுன்சிலராவோ இருந்த யாருக்காவது எந்தப் பேர்லயாவது காசு குடுத்தீங்களான்னு நேரா கேக்கணும். ஆமான்னா பேரு, தொகை. நில்னு போட்டுட்டு பின்னாடி மாட்டுனா ப்ளாக்லிஸ்ட். ப்ளாக்லிஸ்ட்ங்கற வார்த்தைக்கு எங்க தொழில்ல இருக்கற பயம் வேற எந்த வார்த்தைக்கும் இல்ல, ஜெயிலுக்குக் கூட அவ்ளோ பயப்பட மாட்டாங்க. அடுத்தது, அமைச்சருங்க, செகரட்டரிங்க ரூமுக்கு யாரு எதுக்கு வந்தாங்கன்னு வெப்சைட்ல போடறது. சாதாரண ஜனத்துக்கு கோட்டை கேட்ல க்யூல நின்னு பேரு எழுதி பாஸ் வாங்கற முறை இருக்குல்ல, அதே நோட்டுல கார்ல போறவங்க பேரையும் எழுதட்டும். இது ரெண்டும் வந்தா ஒரு லிஸ்ட் உருவாகும். லிஸ்ட் வந்தப்பறம் 5 வருஷத் தடைன்னு பேசலாம், இப்பவே தடை போட்டா எல்லா மாஜியும் மறுநாளே ஆலோசகர்னு கார்டு அடிச்சிடுவார்.

இதெல்லாம் யாரு கொண்டாருவாங்கன்னு கேக்காதீங்க. ஃப்ளோரிடால இதை வாக்குச் சீட்டுல வெச்சது கூட சட்டசபை இல்ல, 20 வருஷத்துக்கு ஒரு தடவை கூடற அரசியல் சட்டத் திருத்த கமிஷன். மிசௌரில ஜனங்க கையெழுத்து வாங்கிக் கொண்டாந்தாங்க. நம்மகிட்ட அந்த ரெண்டு வழியும் இல்ல, 234 பேர்தான் போடணும், அத்தன பேரும் ஒருநாள் மாஜி ஆவப் போறவங்க.

அதுவரைக்கும் நம்ம கைல இருக்கறது ஒண்ணு. கருத்துக் கேட்புக் கூட்டத்தை முழுசா வீடியோ எடுக்கணும்னு ரூல் இருக்கு, கடைசில நடந்ததைத் தொகுத்து உள்ளூர் மொழில படிச்சுக் காட்டணும், அந்த மினிட்ஸ் அப்டியே அனுமதி குடுக்கற அதிகாரிங்களுக்குப் போகும். யாரு வேணா மைக்கைக் கேக்கலாம். அடுத்த தடவை மாஜி பேசி முடிச்ச உடனே யாராவது எழுந்து, ஐயா, இந்தக் கம்பெனிகிட்டயோ அதோட கான்ட்ராக்டர்கிட்டயோ நீங்க எதாவது சம்பளம், ஃபீஸ் வாங்கறீங்களா, ஆமாவா இல்லையான்னு கேளுங்க, அவர் என்ன சொன்னாலும் சொல்லாட்டியும் அதை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க, படிச்சுக் காட்டறப்ப விட்டிருந்தா கையெழுத்தாகறதுக்கு முன்னாடியே சத்தம் போடுங்க. மைக் கெடைக்காதுன்னு தோணுச்சுன்னா கூட்டத்துக்கு முன்னாடியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துல குடுத்துடலாம், ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க.